மருந்து அடிக்காத வயல்

எங்கள் பகுதிக் களை மேலாண்மை வாரியத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் தெரியும்: "களை குழந்தையாக இருக்கும்போதே கொல்லுங்கள்." அதற்கு நேர் கீழே, வந்தவர்கள் காத்திருக்க ஒரு மர பெஞ்சு. அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் என் வயலில் இருந்த களைகள் குழந்தைப் பருவம் தாண்டி, கல்யாண வயசுக்கு வந்து, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டன. வாரியத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்று ஆரம்பத்திலேயே பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை.

நான் குத்தகை விவசாயி. இந்தத் தடவை முதன்முதலாக சோயா போட்டிருந்தேன். நிலத்துக்காரர் கறாரான ஆள். "இந்தப் போகம் பயிரைப் பாக்குறேன். நல்லா இருந்தா நிலம் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா வேற வழி பாத்துக்குறேன்" என்று நேராகவே சொல்லிவிட்டார். அந்த நிலத்தை விட்டால் எனக்கும் என் மனைவிக்கும் கால் ஊன்ற வேறு இடம் இல்லை. விதை போட்டதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வயலைத்தான் பேசினோம், வயலைத்தான் கனவு கண்டோம்.

சோயா ஒழுங்காகத்தான் முளைத்தது. கூடவே முள்ளுக்கீரையும் ஊமத்தையும் முளைத்தன. புல்லுக்கு ஒரு மருந்து, இந்த மாதிரி அகன்ற இலைக் களைக்கு வேறு மருந்து. பயிர் முளைத்த பிறகு, களை மூன்று நாலு இலை விட்ட பருவத்தில் அடித்தால் சோயா தப்பித்துக்கொள்ளும், களை கருகிவிடும். களை வளர்ந்த பிறகு அடித்தால் அதைக் குளிப்பாட்டிவிட்ட மாதிரிதான். இது எனக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும், வாரியத்துக்கும் மிக நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் வாரியத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கடைக்காரர் மருந்து டப்பாவைத் தொடக்கூட முடியாது. தொட்டால் கடைக்குப் பூட்டு.

மற்றவர்கள் அதற்காகக் கவலைப்பட்டார்கள். எனக்கென்ன கவலை? என் மனைவியின் தம்பி அந்த வாரியத்தில் கள உதவியாளர். எங்கள் கல்யாணமான கையோடு எங்களோடு வந்து, எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, எங்கள் வீட்டு விளக்கில் படித்து உத்தியோகத்துக்குப் போன பிள்ளை. பெற்ற பிள்ளைக்குச் செய்வதைவிட ஒரு படி அதிகமாகவே அவள் அவனுக்குச் செய்தாள்.

"மாமா, நீங்க எதுக்கு கவலைப்படுறீங்க? நம்ம ஆபீஸ். நான் இருக்கேன்ல?" என்றான்.

அவன் இருக்கிறான் என்ற தெம்பில், வேரோடு பிடுங்கிய ஒரு முள்ளுக்கீரைச் செடியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வாரியத்துக்குப் போனேன்.

முதல் அறை தாவர அடையாளப் பிரிவு. அங்கே இருந்த அலுவலர் செடியை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"முள்ளுக்கீரை சார்."

"அதை நாங்க சொல்லணும். பூ எங்க?"

"சின்னச் செடி சார். இன்னும் பூக்கல."

"பூ இல்லாம அடையாளம் சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு. நாளைக்கே இது வேற செடின்னு ஆயிட்டா? அப்பாவிச் செடியைக் கொன்னுட்டோம்னு வாரியத்துக்கில்ல கெட்ட பேரு?"

"பூக்கிற வரைக்கும் விட்டா மருந்து கேக்காதே சார்."

"மருந்து ரெண்டாவது மாடி. இங்க செடி மட்டும்தான்."

சொல்லிவிட்டு, செடியை ஒரு தொட்டியில் நட்டு, வெயில் படும்படி ஜன்னலோரம் வைத்து, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதற்கு ஊற்றினார். "பதட்டப்படாம போயிட்டு வாங்க. நாங்க நல்லா பாத்துக்குவோம்" என்றார். உறவுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிற மாதிரி வெளியே வந்தேன்.

இரண்டாவது மாடியில் மருந்துப் பிரிவு. அங்கே இருந்த அம்மையார் மிகத் தெளிவானவர்.

"அகன்ற இலைச் செடியைக் கொல்ல மருந்து கேக்குறீங்க. சரி. சோயா இலை எப்படி இருக்கும்?"

"அகலமாத்தான் இருக்கும் மேடம்."

"அப்ப அதுவும் அகன்ற இலைதானே? உங்க மனுப்படி பாத்தா உங்க பயிரையே கொல்லச் சொல்றீங்க. உங்க வயல்ல எது பயிர், எது களைன்னு குழு வந்து முடிவு பண்ணணும்."

"நான் விதைச்சதுதான் மேடம் பயிர்."

"அது உங்க தரப்பு" என்றார்.

குழு வந்தது. வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விவாதித்தது. எண்ணிக்கையில் எது அதிகமோ அதையே பயிராக அறிவிக்கலாம் என்று ஓர் உறுப்பினர் யோசனை சொன்னார். அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் அலுவலகத்துக்குள்ளேயே சில சிக்கல்கள் வரும் என்று இன்னொருவர் சுட்டிக்காட்டியதால் யோசனை கைவிடப்பட்டது. மறுபடி கூடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கலைந்தார்கள். களைகள் அதற்குள் சோயாவின் தோளைத் தொட்டுவிட்டன.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க சீட்டும் வேணாம், மருந்தும் வேணாம்" என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினாள். இரண்டு பேருமாக உட்கார்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக முழு வயலையும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒரு சால் முடிக்கவில்லை. எங்கிருந்தோ பைக்கில் வந்த தம்பி வண்டியை வரப்பிலேயே சாய்த்துவிட்டு ஓடி வந்தான். வந்த வேகத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கை வைக்காத! கொத்துனா வேர் அறுந்து உள்ளயே நின்னுடும், மறுபடி துளுத்துக்கும். சோயா வேரும் சேந்து ஆடிப்போயிடும். மருந்து வந்துக்கிட்டே இருக்குக்கா. ஒரு தடவை அடிச்சா மொத்தமும் க்ளீன். என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் உண்டு. களைக்கொத்தைக் கீழே போட்டாள். அன்று மத்தியானம் அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "புள்ள அலைஞ்சு அலைஞ்சு இளைச்சுப் போயிட்டான்" என்று அவள் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது காற்று. காற்றடிக்கும்போது மருந்து தெளித்தால் பக்கத்து வயலுக்குப் பறக்கும் என்பதால், காற்று குறைந்த நாளில்தான் அனுமதி. நியாயமான விதி, நான் குறை சொல்லமாட்டேன். காற்றை அளக்கும் கருவியை மேலாளர் மேஜைமேல், மின்விசிறிக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். கருவி எந்நேரமும் பம்பரமாகச் சுற்றியது. நான் போகும்போதெல்லாம் மேலாளர் அதை எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் பலமான காத்துய்யா" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

"சார், மேல ஃபேன் ஓடுது."

"ஓடாம? வேர்க்குமே."

"கருவியை வெளிய வச்சுப் பாக்கலாமே சார்?"

"அரசாங்கச் சாமானை வெயில்ல வைக்கச் சொல்றீங்களா?" என்று அவர் முகம் மாறியதும் நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு காலையில், சீட்டு கிடைத்தவர்களுக்கு மருந்து அடித்துக்கொடுக்கும் வாரிய ஆட்கள், முதுகில் ஸ்பிரேயரோடு எங்கள் பக்கமே வந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. பக்கத்து வயல்காரர் நிலத்தில் அடித்தார்கள். அவரை எல்லோரும் தொப்பிக்காரர் என்போம், தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றமாட்டார் என்று கேள்வி. அவர் வயலை முடித்து, என் வயலைத் தாண்டி, அந்தப் பக்கத்து வயலில் போய் அடித்தார்கள்.

"ஏம்ப்பா, என் வயல்?" என்று பின்னாலேயே ஓடினேன்.

"உங்க வயலுக்கு மட்டும் காத்தடிக்குதாம் சார்" என்றான் அவர்களில் ஒருவன். ஓர் இலைகூட அசையவில்லை.

சாயங்காலம் மைத்துனனைப் பிடித்துக் கேட்டேன். அவன் சிரித்தான். "மாமா, அவங்களுக்கு அடிச்சது சாதா மருந்து. உங்களுக்கு ஸ்பெஷலா ஏற்பாடு நடக்குது. பெரியவங்க நேரடியாப் பாக்குறாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை, டீக்கடையில் இருந்தவர்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

அவன் சொன்னது போலவே பெரியவர்கள் வர ஆரம்பித்தார்கள். கார் வந்து நிற்கும். சட்டை கசங்காத ஆட்கள் இறங்குவார்கள். என் களைகளை முன்னால் நின்றும் பக்கவாட்டில் நின்றும் படம் எடுப்பார்கள். "என்ன செழிப்பு! என்ன செழிப்பு!" என்று ஒருவர் கண் கலங்கினார். இன்னொருவர் ஊமத்தை இலை ஒன்றைக் கிள்ளப் போக, கூட வந்தவர் அவர் கையில் ஓர் அடி போட்டு, "தொடாதீங்க சார், கெட்டுடும்" என்றார். கிளம்பும்போது எல்லோரும் என் கையைக் குலுக்கி, "இப்படியே பாத்துக்குங்க" என்றார்கள். எதை இப்படியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வயலுக்குள்ளே சோயா வெளுத்துப்போய், நோஞ்சானாக, கொஞ்சம் வெயிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் இவ்வளவு பெரிய மனிதர்கள் வந்து போகிற வயலுக்குக் கெடுதல் வருமா என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

தொப்பிக்காரர் ஒரு நாள் வரப்பில் நின்று சொன்னார்: "உன் மச்சான் உன்னை வச்சு என்னமோ பண்றான்யா. எனக்கு சரியாப் படல."

எனக்கு வந்ததே கோபம். "உங்க வயலுக்கு ஒரு கார் வந்திருக்கா? அந்த எரிச்சல்ல பேசாதீங்க" என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

களைகள் பூத்து, காய்த்து, விதை முற்றிய சமயத்தில் மைத்துனன் வீட்டுக்கு வந்தான். முகத்தில் அப்படி ஒரு களிப்பு. "மாமா, நாளைக்கு வயல்ல வாரியத்தோட விழா. தலைமை இயக்குநரே வர்றார். நல்ல சட்டையாப் போட்டுக்குங்க. அக்கா, நீயும் வரணும். நிலத்துக்காரரையும் நானே நேர்ல போய்க் கூப்பிட்டுட்டேன்" என்றான். ஸ்பெஷல் மருந்தைத் தலைமை இயக்குநர் கையாலேயே அடிக்கப்போகிறார்கள் என்று நான் முடிவுசெய்துகொண்டேன். இவ்வளவு வளர்ந்த களைக்கும் கேட்கிற மருந்தாக இருக்கும், இல்லாவிட்டால் தலைமை இயக்குநர் ஏன் வருகிறார்?

வரப்போரம் கூடாரம் போட்டிருந்தார்கள். எங்கள் இருவரையும் முன்வரிசையில், நிலத்துக்காரர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தொப்பிக்காரர் பின்வரிசையில் இருந்தார். தலைமை இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"மதிப்புக்குரிய விவசாயப் பெருமக்களே! இதோ, இந்தப் பக்கம் வாரியம் மருந்து அடித்த வயல்கள். இடுப்பளவு பயிர். தேடினாலும் களை கிடைக்காது. இதைப் பார்த்துச் சிலர் என்ன சொல்வார்கள்? இது மருந்தால் வந்ததில்லை, மழையால் வந்தது என்பார்கள். மண் நல்ல மண் என்பார்கள். அவர்கள் வாயை அடைப்பது எப்படி? ஒப்பீடு வேண்டும்! நடுவில் ஒரு வயலையாவது ஒன்றும் செய்யாமல் விட்டுக் காட்ட வேண்டும்! இப்போது எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புங்கள்."

எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். என் வயல்தான் இருந்தது.

"வழக்கமாக இதற்கு வாரியத்தின் சொந்தப் பண்ணையில் ஒரு மூலையை ஒதுக்குவோம். இந்த ஆண்டு அந்த மூலையில் அதிகாரிகளுக்கு டென்னிஸ் மைதானம் அமைந்துவிட்டதால், மக்களின் பங்கேற்போடு செய்வது என்று முடிவெடுத்தோம். இந்த விவசாயி செய்திருப்பது தியாகம்! அதுவும் சாதாரணத் தியாகம் இல்லை. தியாகம் செய்கிறோம் என்று தனக்கே தெரியாமல் செய்த தியாகம்! தெரிந்திருந்தால் ரகசியமாகக் களை எடுத்திருப்பார், ஆய்வின் நேர்மை கெட்டுப்போயிருக்கும். எனவே நேர்மையைக் காப்பாற்றுவதற்காக அவரிடம் உண்மையை மறைத்தோம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பலத்த கைதட்டல். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நான் ஏதாவது விளக்கம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கள் நடைமுறைகள் தாமதமானவை என்று சிலர் குறை சொல்வதுண்டு. பூக்கும் வரை பொறுப்பது, குழு கூடுவது, காற்றை அளப்பது, இவை எல்லாம் எல்லோருக்கும் பொதுவான விதிகள். மற்ற விவசாயிகளுக்கு உரிய நேரத்தில் விதிவிலக்கு கொடுத்துவிடுகிறோம். இவர் ஒருவருக்குத்தான் விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தோம். விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் அந்த வயலில் காணலாம்!"

மறுபடி கைதட்டல். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

"கடைசியாக ஒன்று. இந்த மாதிரி வயலுக்கு ஆள் பிடிப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர் வயலை இதில் சேர்த்துவிடாதீர்கள் என்று சிபாரிசோடு வருவார்கள். வாரிய வரலாற்றில் முதல் தடவையாக ஓர் இளைஞர், தன் சொந்த அக்கா வீட்டுக்காரரின் வயலைத் தானாகவே முன்வந்து கொடுத்திருக்கிறார். அவர் இன்றுமுதல் உதவி அலுவலர்!"

மைத்துனன் மேடையேறினான். கேடயம் கொடுத்தார்கள். அவன் எங்கள் பக்கம் பார்க்காமல் காமிராவைப் பார்த்தான். பிறகு யாரோ என் கையில் மைக்கைத் திணித்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு மனசில் ஓடியது ஒன்றுதான், அதுவே வாயில் வந்துவிட்டது.

"அப்ப என் வயலுக்கு மருந்து எப்ப அடிப்பீங்க?"

கூடாரமே சிரித்தது. "பார்த்தீர்களா, எவ்வளவு வெள்ளந்தியான மனிதர்!" என்று தலைமை இயக்குநர் என் தோளில் தட்டினார். தொப்பிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

கூட்டம் கலைந்ததும் நிலத்துக்காரர் என்னை ஓரமாக அழைத்தார். நல்லவேளை, அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

"அத்தனையும் விதை கொட்டியாச்சுப்பா. இனி யார் வந்து உழுதாலும் வருஷக்கணக்கா களைதான் முளைக்கும். இதே மாதிரி வச்சுக் காட்ட வாரியமே நிலத்தை எடுத்துக்குறேங்குது. நான் சரின்னுட்டேன். தப்பா நெனைக்காத. நான் பயிரைப் பாப்பேன்னு முன்னாடியே சொன்னேன்ல?"

சொன்னார்தான். இந்த விவகாரத்தில் நான் பார்த்த இத்தனை பேரில் சொன்ன சொல் மாறாத ஒரே மனிதர் அவர். நான் தலையாட்டினேன். நிலம் போய்விட்டது என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

என் மனைவி தம்பியைக் கூடாரத்துக்குப் பின்னால், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இடத்தில் பிடித்துவிட்டாள். நான் போய்ச் சேரும்போது அவன் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"நான் களையெடுக்க எறங்கினப்ப கையப் புடிச்சு நிறுத்தினியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் அன்னிக்கு மத்தியானம் வந்து என் கையால சாப்பிட்டியா?"

"அக்கா, கொஞ்சம் புரிஞ்சுக்கோ. ஒரு வயலையாவது விட்டாத்தான் மருந்து வேலை செஞ்சுதுன்னு காட்ட முடியும். வேற எவன் வயலை எடுத்திருந்தாலும், பக்கத்து வயல்ல மருந்தடிச்ச அன்னிக்கே ஆபீசுக்கு வந்து சட்டையைப் புடிச்சிருப்பான்."

"அதுக்கு நாங்கதானா உனக்குக் கெடச்சோம்?"

"உங்களை விட்டா வேற யாருக்கா, நான் எதைச் சொன்னாலும் நம்புவாங்க?"

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னான், கண்கூடக் கலங்கியிருந்தது. மேடையில் யாரோ கட்டிப்பிடித்ததில் அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. சின்ன வயசிலிருந்து பழகிய கை, அவள் அதை எடுத்துவிடப் போனாள். பாதி தூரம் போன கையை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து, சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க, போலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள். அவன் காலரை அவனே சரிசெய்துகொண்டு, படம் எடுக்கக் கூப்பிட்ட பக்கம் போனான்.